கறிக்கடை ஃப்ரீசருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கும் உறவுகளுக்கும்,

இங்கிலாந்தின் செவர்ன் ஆறு பெருகி எங்கள் ஊருக்குள் ஏறிய அந்த இரவைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை. படங்களைப் பார்த்தீர்கள், போன் செய்தீர்கள், பலர் நேரிலேயே வந்து நின்றீர்கள். எங்கள் ஊர் வரலாற்றுக் குழுவின் பழைய காகிதங்கள் இருந்த அலமாரி என்ன ஆயிற்று என்று விடாமல் கேட்டவர்களுக்கு இன்றுதான் பதில் சொல்ல முடிகிறது. பெரும்பாலானவை பிழைத்துவிட்டன! காகிதங்களை உலர்த்தும் இடத்திலிருந்து போன் வந்த கையோடு எழுதுகிறேன். கை இன்னும் நடுங்குகிறது.

பேரிஷ் பதிவேடுகளுக்கு, அதாவது ஊர்த் தேவாலயத்தின் பதிவேடுகளுக்கு, ஆபத்து வரவில்லை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பேரிஷும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டார். அந்த வழியில் வந்த எங்கள் ஊர் ஏடுகள் க்ளோஸ்டர் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறு ஆண்டு தாண்டிய பதிவேடுகளை, பிஷப்பின் தனி அனுமதி இல்லாவிட்டால், காப்பகத்தில் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்கிறது 1978-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கும் இந்த வாரம் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அலமாரியில் இருந்ததற்குத்தான் வேறு பிரதி கிடையாது. கல்லறை வாசகங்களை ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொன்றாகப் படித்துக் கையால் எழுதிய நோட்டுகள். அந்தக் கற்களில் பல இன்று மழையில் தேய்ந்து மொட்டையாக நிற்கின்றன. பள்ளிக்கூடப் படங்கள். ஊரை விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் எழுதிய கடிதங்கள். இவற்றோடு, என்றோ மறைந்த ஓர் ஆசிரியையின் நோட்டு. 1783 முதல் 1794 வரை பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு பெயருக்கும் 3 பென்ஸ் வரி இருந்தது, ஏழைகளுக்கு விலக்கு. பாதிரியார் ஏழை என்று குறித்தவர்களை அந்த அம்மையார் ஏழைகள் நிவாரணக் கணக்கோடு ஒத்துப் பார்த்து, உண்மையில் யார் பட்டினி கிடந்தது, யாருக்காகப் பாதிரியார் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டார் என்று வீடு வீடாகக் குறித்து வைத்திருந்தார். எந்தக் காப்பகத்திலும் இது கிடைக்காது.

நனைந்த காகிதத்தில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். “ஒட்டியிருக்கும் பக்கங்களைப் பிரிக்காதீர்கள், பையில் போட்டு உறைய வையுங்கள்” என்று மாவட்டக் காப்பகத்து அம்மா போனில் சொன்னார். உறைந்தால் மை மேலும் பரவாது, பூஞ்சணமும் வளராது. பிறகு வெற்றிட அறையில், பனிக்கட்டியைத் தண்ணீராக உருக விடாமல் அப்படியே ஆவியாக்கி எடுப்பார்களாம். நல்லது, ஆனால் அத்தனையையும் உறைய வைக்க எங்கே போவது?

கறிக்கடைக்காரரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அது. மன்ற வாசலில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்து, அவராகவே வந்தார். “பெரிய ஃப்ரீசரைக் காலி பண்ணிட்டேன், கொண்டு வாங்க” என்றார். உள்ளே இருந்த கறியில் பாதியைப் பக்கத்து ஊர்க் கடைக்கு அனுப்பிவிட்டு, மீதியை வீடு இழந்தவர்களுக்குச் சமைக்கக் கொடுத்திருந்தார். அது சாக்கடை கலந்த வெள்ளம். அந்தக் காகிதம் உள்ளே போனால், கிருமிநீக்கம் செய்து முடிக்கும்வரை அந்த ஃப்ரீசரில் கறி வைக்க முடியாது. ஆண்டின் பெரிய வியாபாரம் போகும் என்று நாங்கள் சொன்னோம். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

ஒவ்வொரு காகிதக் கட்டையும் இரண்டு பைகளில் போட்டு, கறித் தட்டுகளில் முதுகு கீழாக அடுக்கினார். விலை எழுதும் பேனாவால் ‘கல்லறை, வடக்குப் பக்கம்’, ‘பள்ளி’, ‘கடிதம்’ என்று தானே எழுதி ஒட்டினார். பழைய புகைப்படங்களின் கண்ணாடி நெகட்டிவ்களை உறைய வைக்கக் கூடாது என்றதும், கடை மேசையைத் துடைத்து அதன்மேல் அவற்றைக் காயவைக்க இடம் கொடுத்தார்.

இவர் இந்த ஊர்க்காரர் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து வந்து கடை போட்டவர். அந்த நோட்டுகளில் அவர் பாட்டன் பெயர் இல்லை, பூட்டன் பெயரும் இல்லை. என் முன்னோர் பெயரும்தான் இல்லை. ஆனால் எனக்கு அது பல காலப் பழக்கத்தில் வந்த பாசம். அவர் ஒரு பக்கத்தைக்கூடப் படித்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கொள்ளுப்பாட்டி எங்கே புதைந்தாள் என்பது காப்பாற்றத் தகுந்த விஷயம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவருக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிவிட்டேன். நம் மக்களும் அவரை அறிய வேண்டும் என்றுதான் இந்தத் தமிழ் மடல்.

டார்ச்சோடு வந்த பிள்ளைகள், மின்விசிறி தூக்கி வந்தவர்கள், க்ளோஸ்டரிலிருந்து இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்த அக்காமார்கள், பணம் அனுப்பிப் பெயர் சொல்லாதவர்கள், காப்பகத்து அம்மா, எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி.

இனி அந்த அலமாரியில் ஒற்றைப் பிரதியாக எதுவும் இருக்காது. இது என் வாக்கு. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஒரு பிரதி காப்பகத்துக்கு, ஒன்று ஆற்றங்கரையை விட்டுத் தள்ளி வேறோர் ஊருக்கு. வசந்தத்தில் நோட்டுகள் திரும்பி வந்ததும் வேலை தொடங்கும். வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். நோட்டுகளுக்குக் கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த கை போதும். பள்ளிப் படங்களைத் தொடுகிறவர்களுக்கு மட்டும் கையுறை நாங்கள் தருகிறோம்.