அவன் அனுப்பிய பாட்டில் ‘வருவேன்’ என்ற சொல் இல்லை

அன்புள்ள தங்கச்சி,

பெயர் போடாமல் எழுதினால் சரி என்று நீ சொன்னதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். யாரோ அனுப்பிய பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் இது உதவட்டும்.

பேச்சை நிறுத்திக்கொண்டவன், ஒரு வார்த்தை எழுதாமல், விட்னி ஹூஸ்டன் பாடிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். “எப்போதும் காதலிப்பேன்னுதானே சொல்றான், அப்போ திரும்பி வருவான்தானே அக்கா?” என்று கேட்டாய். போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் குறுந்தொகை படித்தபோது பாட்டோடு ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று ஒரு குறிப்பு இருக்குமே, நினைவிருக்கிறதா? யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்று தெரிந்த பிறகுதான் பாட்டுக்குள் போவோம். காதல் பாட்டு எந்த மொழியில் இருந்தாலும் நான் முதலில் அதைத்தான் தேடுவேன். இந்தப் பாட்டில் பேசுவது விட்டுப் போகிறவர். இருந்தால் உனக்கு இடைஞ்சலாகத்தான் இருப்பேன், அதனால் போகிறேன் என்றுதான் பாட்டே தொடங்குகிறது. போகும் வழியெல்லாம் உன்னை நினைப்பேன் என்கிறார், அழாதே என்கிறார். திரும்பி வருவேன் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. கல்யாண வீடுகளில்கூட இதைப் போடுகிறார்கள். பல்லவியை மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும். 1992இல் வந்த ‘தி பாடிகார்ட்’ படத்திலும் இருவரும் பிரியும் இடத்தில்தான் இந்தப் பாட்டு வருகிறது.

இதை எழுதியவர் விட்னி இல்லை, டாலி பார்ட்டன் என்ற அமெரிக்கப் பாடகி. எழுதியது காதலனுக்கும் இல்லை. 1967இல் ‘கன்ட்ரி’ என்கிற அமெரிக்கக் கிராமிய இசையில் பெரிய பாடகரான போர்ட்டர் வேகனரின் டிவி நிகழ்ச்சியில் டாலி சேர்ந்தார். அவரை நாடறியச் செய்தது அந்த நிகழ்ச்சிதான். சில வருடங்களில் தனியாகப் போகவேண்டும் என்று தோன்றியது, போர்ட்டர் விடவில்லை. எவ்வளவோ பேசியும் அவர் காதில் ஏறாததால், டாலி வீட்டுக்குப் போய் இந்தப் பாட்டை எழுதி, மறுபடி வந்து அவருக்கு எதிரிலேயே பாடிக் காட்டினார். போர்ட்டர் அழுதுவிட்டார். பாட்டை நான்தான் தயாரிப்பேன், அதற்குச் சம்மதித்தால் நீ போகலாம் என்றாராம். 1974இல் அது கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இந்தக் கதை தெரிந்த பிறகு ஒரு வரி எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. ‘உனக்கு வேண்டியது நான் இல்லை, அது நம் இருவருக்கும் தெரியும்’ என்ற பொருளில் வரும் வரி. இருவருக்கும் எங்கே தெரிந்தது? இந்தப் பாட்டைக் கேட்கும்வரை போர்ட்டர் மல்லுக்கு நின்றவர். போகிறவர் எதிராளியின் சம்மதத்தையும் தானே சொல்லிவிடுகிறார். டாலி அதையாவது நேரில், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மறுத்துப் பேசவும் அவருக்கு இடம் இருந்தது. உனக்கு அந்த இடம் கிடைத்ததா? உனக்கு வேண்டியது அவன் இல்லை என்று நீ எப்போது ஒப்புக்கொண்டாய்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பாட்டின் உயிர் கடைசிச் சரணத்தில் இருக்கிறது. வாழ்க்கை உன்னிடம் கனிவாக இருக்கட்டும், கனவு கண்டதெல்லாம் கிடைக்கட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அன்பு கிடைக்கட்டும். டாலியின் 1974 பதிவில் இதைப் பாடவே மாட்டார், பேசுவார். மெட்டை விட்டு இறங்கி ஒரு மனுஷி இன்னொருவரிடம் பேசுகிற குரல் அது. ‘எப்போதும்’ என்ற சொல்லுக்கு இங்கேதான் பொருள் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்: என்னோடு இல்லாவிட்டாலும் நீ நன்றாக இருக்கவேண்டும் என்கிற அன்பு. விட்னியின் குரல் மலை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும், அந்த உயரத்தில் இது பிரிவுப் பாட்டு என்பதே மறந்துபோகும். நீ டாலியைக் கேள். மூன்று நிமிடம்கூட ஆகாது.

பின்னணிக் கதை தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். ஸ்வீடன் நாட்டு ஆபா இசைக்குழுவின் ‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’ (ஜெயித்தவருக்கே எல்லாம்) என்ற பாட்டு 1980இல் வந்தது. வரிகளை எழுதியவர் குழுவில் இருந்த பியோர்ன், பாடியவர் அதே குழுவில் இருந்த, அவரைப் பிரிந்த மனைவி அக்னேதா. தோற்றுப்போன பெண்ணின் கூற்றை, பிரிந்த கணவனே எழுதிக் கொடுத்திருக்கிறார். பிரிவின் வலி உண்மை, ஆனால் கதை கற்பனை, எங்கள் மணமுறிவில் ஜெயித்தவர் யாரும் இல்லை என்று அவரே பிறகு சொன்னார். வரிகளை வைத்து அந்த வீட்டில் நடந்ததைக் கண்டுபிடிக்க முடியாது.

அதேபோல, இந்தப் பாட்டை வைத்து அவன் மனதையும் உன்னால் கண்டுபிடிக்க முடியாது. முழுக்கக் கேட்டு அனுப்பினானா, பல்லவி நன்றாக இருக்கிறது என்று அனுப்பினானா, யாருக்குத் தெரியும்? பாட்டு சொல்வது ‘போகிறேன்’. அவன் சொல்ல நினைப்பதும் அதுதானா என்று அவனிடமே கேள். “நீ போகிறாயா, இருக்கிறாயா? சொந்த வார்த்தையில் சொல்” என்று ஒரே வரி அனுப்பு. பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துவிடு. சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா