மே தினக் கொடியேற்றம்: காலை 7 மணி, தெருமுனை

எல்லோருக்கும் வணக்கம். நாளை மே 1. தண்டையார்பேட்டையில் நம் தெருமுனைக் கம்பத்தில் கொடி ஏற்றுகிறோம். போன வருடம் கயிறு கப்பியில் சிக்கி, ஏணி தேடி ஓடியது ஞாபகம் இருக்கும். இந்த முறை புது நைலான் கயிறு, இழுத்தும் பார்த்தாச்சு.

பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அவர்களுக்கு இது வெறும் லீவு நாள். 1886-இல் சிகாகோ தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு நடத்திய போராட்டத்தில் பிறந்த நாள் இது. இந்தியாவில் முதன்முதலில் கொண்டாடியது நம்ம சென்னைதான்! 1923-இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் ஒரே நாளில் இரண்டு கூட்டம் நடத்தினார்: உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையில் ஒன்று, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்னொன்று. மீனவர் வீட்டுப் பிள்ளை அவர்.

ஹார்பரில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் காத்திருப்போம். அப்புறம் மோர், சுண்டல். டம்ளர் அவரவர் வீட்டிலிருந்து.