கலர் தண்ணீர் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூறாண்டுக்கு முந்தைய எல்.எம்.பி. டாக்டர் ஒருவரைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாட்டுவண்டியில் போய் வைத்தியம் பார்த்தார், ஏழைகளிடம் காசு வாங்கவில்லை, கைராசிக்காரர். இதோடு கட்டுரை முடிந்துவிட்டது. அந்தக் காலத்து டாக்டர் யாரைப் பற்றி எழுதினாலும் இந்த மூன்றும் பொருந்தும். காலையில் டிஸ்பென்சரியைத் திறந்து அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி இல்லை. போதாக்குறைக்கு, "கலர் தண்ணீர் கொடுத்தே காய்ச்சலை விரட்டினார்" என்று ஒரு வாக்கியம். பாராட்டாக நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அவர் செய்த வேலையையே அது அடித்துவிடுகிறது.

முதலில் பட்டத்தைச் சரிசெய்துவிடலாம். கட்டுரையில் இரண்டு இடத்தில் அவரை ஆர்.எம்.பி. என்று போட்டிருக்கிறீர்கள். அது படிப்பு அல்ல, 1914ஆம் ஆண்டு சென்னை மருத்துவப் பதிவுச் சட்டப்படி பதிவேட்டில் பெயர் ஏறியவர் என்பதற்கான சொல். எல்.எம்.பி. (லைசென்ஸ்டு மெடிக்கல் பிராக்டிஷனர்) என்பது மருத்துவக் கல்லூரியில் அல்ல, மருத்துவப் பள்ளியில் படித்துத் தேறி வாங்குவது. ராயபுரத்தில் இருந்த அப்படியொரு பள்ளிதான் 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கென்று தொடங்கியதும் எல்.எம்.பி. பள்ளியே. நான்கு ஆண்டு படித்து 1922இல் 14 பெண்கள் தேறி வெளியே வந்தார்கள். அரசு வேலையில் இவர்களுக்குச் சப் அசிஸ்டென்ட் சர்ஜன் என்று பெயர். 1933இல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் இவர்களைத் தன் பதிவேட்டில் சேர்க்கவில்லை. "அரை டாக்டர்" என்ற ஏளனம் ஒட்டிக்கொள்ள அதுவும் ஒரு காரணம். ஆனால் 1946இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான அரசுச் சுகாதாரக் கமிட்டி அறிக்கை கொடுத்தபோது, நாட்டில் பதிவுபெற்ற டாக்டர்கள் சுமார் 47,500 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் பள்ளியில் படித்துத் தேறிய இந்த வகையினர்தான். கிராமத்தில் யார் இருந்தார்கள் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இனி கலர் தண்ணீர். வயிற்றுப் பொருமலுக்குக் கொடுத்த கார்மினேட்டிவ் மிக்சர் இளஞ்சிவப்பாக இருக்கும். சோடா உப்பு, அரோமேடிக் ஸ்பிரிட் ஆஃப் அம்மோனியா, ஏலக்காய் டிங்க்சர் (சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு), மேலே ஓம வாசனையோ புதினா வாசனையோ ஏற்றிய தண்ணீர். அந்த ஏலக்காய் டிங்க்சரில் கோச்சினீல் பூச்சியின் சாயம் சேர்ந்திருக்கும், சிவப்பு அதனால்தான். ஏமாற்ற ஊற்றிய சாயம் அல்ல, மருந்தோடு வந்தது.

மலேரியாவுக்கான குயினைன் மிக்சரைப் பார்ப்போம். வேளைக்கு 10 கிரெயின், அதாவது 650 மில்லிகிராம். ஆறு அவுன்ஸ் பாட்டிலில் அரை அவுன்ஸ் வீதம் 12 வேளை, மூன்று வேளை வீதம் நான்கு நாளைக்கு. ஆக ஒரு பாட்டிலுக்குக் குயினைன் சல்பேட் 120 கிரெயின். இது வெறும் தண்ணீரில் கரையாது, வெள்ளையாக மிதக்கும். கிரெயினுக்கு ஒரு மினிம் (அந்நாளைய திரவ அளவு, ஏறக்குறைய ஒரு சொட்டு) கணக்கில் நீர்த்த கந்தக அமிலம் 120 மினிம், அதாவது 2 டிராம் விட்டால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். வெயிலில் பிடித்தால் விளிம்பில் ஒரு நீல மினுக்கம் ஓடும். குயினைன் கரைந்திருக்கிறது என்பதற்கு, மருந்து கலக்கும் கம்பவுண்டருக்கு அதுவே அத்தாட்சி.

பிசகினால் என்ன ஆகும்? "புளிப்பு வேண்டாம்" என்று நோயாளி சொன்னதற்காக இதோடு சோடா உப்பைச் சேர்த்தால் அமிலம் முறிந்து குயினைன் மறுபடி பொடியாகி அடியில் தங்கும். முதல் நாள் குடிப்பவருக்கு மருந்தே போகாது, கடைசி வேளையில் மொத்தமும் போய்க் காது அடைக்கும். இதைவிடக் கொடியது ஸ்ட்ரிக்னின் (எட்டிக்கொட்டை நஞ்சு, சிறு அளவில் டானிக்) கரைசலையும் நரம்பை அடக்கும் பொட்டாசியம் புரோமைடையும் ஒரே பாட்டிலில் கலப்பது. இரண்டுமே அந்நாளில் தாராளமாக எழுதப்பட்ட மருந்துகள். கலந்தவுடன் ஒன்றும் தெரியாது. மெல்ல மெல்ல ஸ்ட்ரிக்னின் படிகமாகி அடியில் இறங்கும், கடைசி வேளை குடித்தவர் உயிருக்கே ஆபத்து. எதை எதோடு கலக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் பாதி வைத்தியம். கைராசி என்று ஊர் சொன்னதில் பெரும்பங்கு கம்பவுண்டருடையது. கட்டுரையில் அவருக்கு ஓர் இடமும் இல்லை.

பாட்டிலில் ஒட்டும் அளவுக் காகிதமும் சும்மா அல்ல. பாட்டிலை நோயாளியே கொண்டுவருவார். விளக்கெண்ணெய் இருந்ததா, மண்ணெண்ணெய் இருந்ததா என்று மோந்து பார்த்துக் கழுவ வேண்டும். மருந்தை ஊற்றி, அது நிற்கும் மட்டத்திலிருந்து அடிவரை காகிதத்தை வெட்டி, வேளைக்கு ஏற்ப மடித்து, மடிப்பு ஓரத்தை முக்கோணமாகக் கத்தரித்துப் பசை தடவி ஒட்டுவார்கள். தோள்பகுதி குறுகும் பாட்டிலில் கழுத்துவரை ஊற்றிச் சம மடிப்பாக ஒட்டினால் முதல் வேளை குறைந்துபோகும். விவரம் தெரிந்த கம்பவுண்டர் தோளுக்குக் கீழேயே நிறுத்திவிடுவார்.

அடுத்தது உங்கள் படத்தில் இருந்த மருந்துச் சீட்டு. அதில் 3 போலத் தெரிவது எண் அல்ல, டிராம் குறி. அதன் தலையில் இன்னொரு கொக்கி இருந்தால் அவுன்ஸ். பக்கத்தில் இரண்டு சிறு கோடு, கடைசிக் கோட்டுக்கு மட்டும் வால். பின்னால் யாரும் இன்னொரு கோடு போட்டு இரண்டை மூன்றாக்கிவிடக் கூடாது என்பதற்காக இழுத்த வால் அது. ஆக, 2 டிராம். கீழே நீங்கள் "மூன்று ஸ்பூன்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 60 மினிம் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். கொக்கியைக் கவனிக்காமல் விட்டால் அளவு எட்டு மடங்கு மாறிப்போகும்.

ஊசி விஷயத்திலும் இப்படித்தான். அமீபா சீதபேதிக்கு எமெட்டின் ஊசியை லியோனார்ட் ரோஜர்ஸ் 1912இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நாளைக்கு 1 கிரெயின், சில நாள்களுக்கு மட்டும். இதயத்தைத் தாக்கும் மருந்தாதலால் நோயாளி படுக்கையை விட்டு எழக் கூடாது. வயல் வேலைக்குப் போகிறவரைப் படுக்கவைப்பது ஊசி போடுவதைவிடக் கடினம். சிரிஞ்சின் குழல் கண்ணாடி, பிஸ்டன் உலோகம். இரண்டையும் கழற்றாமல் கொதிக்கவைத்தால் உலோகம் கூடுதலாக விரிந்து கண்ணாடி கீறிவிடும். ஊசித் துளைக்குள் கம்பி செருகி வைக்காவிட்டால் துரு அடைக்கும்.

இவ்வளவும் சொல்வதால் டாக்டர் எல்லாவற்றையும் குணப்படுத்தினார் என்று எழுதிவிட வேண்டாம். நிமோனியாவுக்கு அவரிடம் மருந்தே கிடையாது. கிருமியை அடக்கும் சல்ஃபா மருந்து 1930களின் பிற்பாதியில்தான் வந்தது, பெனிசிலின் அதற்கும் பிறகு. அதுவரை காய்ச்சல் ஒருநாள் தானாக இறங்கும்வரை பக்கத்தில் இருப்பதுதான் வைத்தியம். டானிக் என்று எழுதிய ஸ்ட்ரிக்னினும், எடுத்ததற்கெல்லாம் கொடுத்த பாதரசப் பேதி மருந்தான கலோமலும் நன்மையைவிடக் கெடுதலே அதிகம் செய்தன.

இம்மாதிரிக் கட்டுரை எழுத வருகிறவர்கள் டாக்டர் வீட்டில் இருக்கும் நோயாளிப் பேரேட்டை முதலில் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்தில் எத்தனை பேர், எத்தனை பேருக்குக் குயினைன், கட்டணப் பத்தியில் எத்தனை வெற்றிடம் என்று எண்ணினால் "இலவசமாகப் பார்த்தார்" என்பதன் அளவு தெரிந்துவிடும். பக்கத்தைப் படமெடுத்துப் போடும்போது நோயாளிகளின் பெயர்களை மறைத்துவிடுங்கள். பெயருக்கு எதிரே பெருநோய், மேகநோய் என்றெல்லாம் எழுதியிருக்கும், பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் அவசரமானது. டாக்டரின் மருந்து அலமாரி அப்படியே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தீப்புண்ணுக்கு அந்நாளில் பிக்ரிக் அமிலக் கரைசல் தடவுவார்கள். தண்ணீர் வற்றிப்போனால் மஞ்சள் படிகமாக மூடியின் திருகுக்குள்ளும் படிந்துவிடும். உராய்ந்தால் வெடிக்கக்கூடியது அது. மஞ்சள் கறை படிந்த பழைய பாட்டில் எதையும் அந்த வீட்டார் திறக்கவோ நகர்த்தவோ துடைக்கவோ வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காமல் இதையாவது தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்