தெரணி களிமண் குவாரிகளில் உள்ள தொல்தாவரப் படிமங்களைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
தெரணி சுற்றுவட்டார மக்கள் சார்பாக,
ஆலத்தூர் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
பெரம்பலூர் மாவட்டம்.

பொருள்: தெரணி களிமண் படிவில் உள்ள அழிந்துபோன விதைத் தாவரங்களின் இலைப் படிமங்களைப் பாதுகாத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத்தின் தொல்லுயிர்ப் படிமம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது காரை கிராமத்து ஓடைகளில் கிடைக்கும் அம்மோனைட்டும் (அழிந்துபோன கடல்வாழ் உயிரின் சுருள் ஓடு) சாத்தனூர் கல்மரமும்தான். அந்த மரத்தை 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டார். 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அதற்கு வேலி இருக்கிறது, பலகை இருக்கிறது, பார்க்க ஆட்களும் வருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் கடல் இந்தப் பக்கம் ஏறி வருவதற்கு முன்பே இங்கே தரை இருந்தது, அந்தத் தரையில் காடு இருந்தது. அதற்குச் சாட்சி தெரணியின் வெள்ளைக் களிமண்ணில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மனு.

தெரணி படிவு, ஊட்டத்தூர் கடல் படிவுகளுக்குக் கீழே உள்ளது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் நன்னீரில் படிந்த களிமண் அது. அதைப் பிளந்தால் சின்ன ஈச்ச ஓலை போல ஓர் இலை அச்சு தெரியும். நடுக்காம்பின் மேல்புறத்தில் இரண்டு வரிசையாகச் சிற்றிலைகள் ஒட்டியிருக்கும். அறிவியலில் இதற்கு டைலோஃபில்லம் என்று பெயர். 1840-இல் ஆங்கிலேயப் புவியியலாளர் ஜான் மோரிஸ் இந்தப் பெயரைச் சூட்டியது நம் நாட்டின் கட்ச் பகுதியில் கிடைத்த படிமங்களை வைத்துத்தான். பென்னெட்டிட்டேல்ஸ் என்ற, அழிந்துபோன விதைத் தாவரக் கூட்டத்தைச் சேர்ந்தது இது. பார்வைக்கு இன்றைய சைகஸ் செடியின் இலைதான் என்று தோன்றும். ஆனால் இலை மூச்சுவிடும் நுண்துளைகள் உருவாகும் விதமே வேறு. பூவைப் போன்ற உறுப்பில், செதில்களுக்கு நடுவே விதையைத் தாங்கி நின்றவை இவை. இன்றைய பூக்கும் தாவரங்கள் பரவப் பரவ இவை குறைந்தன. டைனோசர்களின் காலம் முடிவதற்குள் ஏறக்குறைய மொத்தக் கூட்டமும் மறைந்துவிட்டது.

ஓர் இலைக்கு இவ்வளவு பேச்சா என்று யாராவது கேட்கலாம். இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் ராஜ்மகால் குன்றுகளில் இதே கூட்டத்துத் தாவரங்களின் தண்டு தனியாக, இலை தனியாக, பூ தனியாகத்தான் கிடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர். இவை எல்லாம் ஒரே மரத்தின் உறுப்புகள் என்று 1932-இல் காட்டியவர் தொல்தாவர அறிஞர் பீர்பால் சாஹ்னி. வில்லியம்சோனியா சிவார்டியானா என்ற அந்த மரம், ஆளுயரத்துக்குச் சற்றுக் கூடுதலான தண்டும் உச்சியில் இலைக் கொத்துமாக மீண்டும் உருவம் பெற்றது. எந்த இலை எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் இல்லாமல் இப்படிப்பட்ட வேலை நடக்காது. வெட்டி எடுத்த களிமண்ணோடு கலந்து லாரியில் ஏறிய இலைக்கு அந்த விவரம் கிடையாது. அம்மோனைட் ஓடு கெட்டியானது, ஓடையில் உருண்டாலும் தாங்கும். தெரணி இலை வெறும் அச்சுதான். வெட்டிப் போட்ட கட்டி நாலு மழை பார்த்தால் சேறாகிவிடும்.

குவாரியை மூடச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மண்ணை வெட்டியதால்தான் இந்த இலைகளே வெளியே வந்தன. வெட்டும் முறையில் ஒரு சின்ன மாற்றம் வேண்டும், அவ்வளவுதான். 2015 பிப்ரவரியில் மத்திய அரசு 31 கனிமங்களைச் சிறு கனிமங்கள் என அறிவித்தபோது, சீனக் களிமண்ணும் தீக்களிமண்ணும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆகவே குத்தகை நிபந்தனைகள் மாநில அரசின் விதிகளுக்குள் வருபவை. இனி குத்தகை வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், இலை அச்சுள்ள அடுக்கு தென்பட்டால் அந்த இடத்தில் ஜேசிபியை நிறுத்திவிட்டு, புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டுகிறோம். தகவல் வந்ததும் சில நாட்களுக்குள் யாராவது வந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். இழுத்தடித்தால், அடுத்த முறை எந்தக் குவாரிக்காரரும் வாய் திறக்க மாட்டார்.

அப்புறம், கைவிடப்பட்ட பள்ளங்களில் அரசு நிலத்தில் உள்ள ஒன்றின் ஒரு பக்கச் சுவரை மட்டும் வெட்டாமல் ஒதுக்கித் தரவேண்டும். அடுக்குகள் தெளிவாகத் தெரியும் இடம் எது என்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைக் கொண்டு தேர்வு செய்யலாம். மழைநீர் நேரடியாக விழாமல் மேலே ஒரு தகரக் கூரை போதும். டைனோசர் சிலை, செல்ஃபி மேடை எல்லாம் வேண்டவே வேண்டாம்.

பெரம்பலூரில் உள்ள அம்மோனைட் மையத்தில் தெரணி இலைகளுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கினால், கடலுக்கு முன் இருந்த காட்டையும் பள்ளிப் பிள்ளைகள் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். இதை முதலில் செய்துவிட்டு, பள்ளத்துக்கு வழிகாட்டும் பலகையைப் பிறகு வைக்கலாம் என்பது எங்கள் யோசனை. காரையில் வருகிறவர்கள் பை நிறைய அள்ளிப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம். காவல் இல்லாத இடத்துக்கு விளம்பரம் ஆகாது.

புவிப் பாரம்பரிய இடங்களுக்கான வரைவு மசோதாவை மத்திய அரசு 2022-இல் வெளியிட்டது. மேலே கேட்டவை எதற்கும் அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எனவே மழைக்காலம் தொடங்கும் முன் துறை அலுவலர்களுடன் ஒரு முறை குவாரிகளை நேரில் பார்வையிட்டு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுக்குகளைக் காட்ட எங்களில் சிலர் உடன் வரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெரணி சுற்றுவட்டார மக்கள் சார்பாக,
(ஒப்பம்)

இணைப்பு: குவாரிச் சுவர், இலை அச்சுகளின் படங்கள்.
நகல்: உதவி இயக்குநர், புவியியல் மற்றும் சுரங்கத் துறை, பெரம்பலூர்.