மாதா கோயில் பள்ளிக்கூடத்தின் பழைய இடாப்புகளைக் காப்பாற்றித் தரக் கோரும் மனு

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
நுவரெலியா மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பாடசாலையின் களஞ்சிய அறையில் கிடக்கும் பிள்ளைகள் சேர்ந்ததைப் பதிந்த பழைய சேர்வு இடாப்புகளையும் சம்பவத்திரட்டுப் புத்தகங்களையும் வைகாசி மழைக்கு முன் எடுப்பித்துத் தரவேண்டும். தகரம் ஒழுகுகிறது. போன மாதம் நான் பார்த்தபோது பூஞ்சணம் பிடித்துத் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

வாசல் பலகையில் 'ஆரம்பம் 1961' என்றிருக்கிறது. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை 1960, 1961 சட்டங்களின்படி அரசாங்கம் பொறுப்பேற்றபோது எங்களுடையதும் சேர்ந்தது. அந்த ஆண்டைத்தான் பலகை சொல்கிறது; பள்ளிக்கூடமோ அதற்கு முன்பே இருந்தது. ஊரில் பெரியவர்கள் இன்றைக்கும் 'மாதா கோயில் பள்ளிக்கூடம்' என்றுதான் சொல்வார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் கண்டி 1883இல் தனி மறை ஆட்சிப் பகுதியாகி, சில்வெஸ்திரின் பெனடிக்ட் சபைக் குருமாரிடம் வந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலம். பங்குச் சுவாமி தேயிலைத் தோட்டத்துக்கு வருவது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் உபதேசியார். செபம் சொல்லிக்கொடுத்தவரே அரிச்சுவடியும் சொல்லிக்கொடுத்தார். தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கத் தோட்டத் துரைமாரைச் சட்டம் கட்டாயப்படுத்தியதோ பின்னாளில்தான். எங்கள் பள்ளிக்கூடமும் கோயிலுக்குள்ளேயே தொடங்கியது என்று அம்மாயி சொல்லுவார். ஞாயிறு பூசைக்குப் போட்ட வாங்குதான் திங்கட்கிழமை எழுதுகிற மேசை, பிள்ளைகள் தரையில். மாரியம்மனுக்குக் கரகம் எடுக்கும் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள்.

அந்த இடாப்புகளில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், டிவிசன் எல்லாம் மையில் எழுதியிருக்கிறது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிந்திய இடாப்புகளில் 'விலகிய காரணம்' என்ற இடத்தில் பக்கம் பக்கமாக 'இந்தியா சென்றது'. என் சிநேகிதியின் பெயருக்கு நேரேயும் அதுதான். 1948இல் பிரஜாவுரிமை இழந்த சனங்கள் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்ததற்கு வேறு எழுத்து எங்கே இருக்கிறது, ஐயா? என் அப்பா பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டபோது இணைத்தது இந்தப் பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரத்தைத்தான்.

ஆகவே, அவற்றை முதலில் ஈரமில்லாத ஓர் அலுமாரிக்கு மாற்ற உத்தரவிடுங்கள். அப்புறம், தேசிய சுவடிகள் திணைக்களத்தாரிடம் ஆலோசனை கேட்டு, ஒட்டிய தாள்களைப் பிரித்துப் படம்பிடித்து, ஒரு பிரதி பாடசாலையிலும் ஒன்று பங்குக் கோயிலிலும் இருக்கச் செய்யுங்கள். தாள்களைத் துடைக்கவும் வரிசைப்படுத்தவும் பழைய மாணவர்கள் நாங்கள் சம்பளமில்லாமல் வருவோம். மிகப் பழைய இடாப்பில் முதல் பிள்ளை சேர்ந்த திகதி தெரிந்ததும், பலகையில் அந்த ஆண்டை எழுத அனுமதி தரவேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பழைய மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியை