ஒரே நிரல், இரண்டு பைத்தான்

அன்புள்ள செல்வத்துக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. சில வாடிக்கையாளர்களின் பழைய சர்வர்களில் பைத்தான் நிரல்மொழியின் பழைய 2.7 பதிப்பு இன்னும் இருப்பதால், உங்கள் பில்லிங் மென்பொருளைப் பழைய பைத்தான் 2-க்கு ஒன்று, புதிய 3-க்கு ஒன்று என்று இரு கிளைகளாகப் பிரிக்கப் போகிறாய் என்று முரளி சொன்னான். தயவுசெய்து பிரிக்காதே. ஒரு கிளையில் திருத்திய பிழை மறு கிளையில் அப்படியே கிடக்கும். அதை வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்துச் சொல்வார். பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ, 2013-இல் வந்த 1.5 முதல் 1.11 வரை ஒரே நிரலை வைத்துக்கொண்டுதான் இரண்டிலும் ஓடியது, 2.0-இல்தான் பழையதைக் கைவிட்டார்கள். மூன்றாம் செமஸ்டரில் கம்பைலரையே மிரட்டிய உனக்கு இது முடியாதா?

பைத்தான் 3-க்காக ‘பிரிண்ட்’ கட்டளைக்கு அடைப்புக்குறி போடுவதெல்லாம் ஒரு மாலை வேலை. ஓசைப்படாமல் விடை மாறும் இடங்கள்தான் எனக்குக் கவலை. 7/2 என்றால் 2.7-இல் 3, புதியதில் 3.5, பில்லில் தொகை மாறும், பிழைச்செய்தி எதுவும் வராது. முழு எண் வேண்டிய இடங்களில் இரட்டைச் சாய்கோடு (//) போட்டுவிடு, இரண்டிலும் ஒரே விடை வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துகளில் இருக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் ஒரு முறை) எழுதிய கோப்பில் ‘தமிழ்’ என்று வெறும் மேற்கோளுக்குள் எழுதி நீளம் கேட்டால், பழையது பைட்டுகளை எண்ணி 15 என்கிறது. புதியது யூனிகோடு குறிகளை (உயிர்க்குறி, புள்ளி உட்பட ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட எண்களை) எண்ணி 5 என்கிறது. பைட்டையும் யூனிகோடையும் கலந்தால், பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும்வரை 2.7 பொறுத்துக்கொள்ளும், முதல் தமிழ்ப் பெயர் வந்ததும் ‘யூனிகோட் டிகோட் எரர்’ என்று நின்றுவிடும். ஆகவே சோதனைத் தரவில் தமிழ்ப் பெயர்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள். உள்ளே வரும் பைட்டுகளை வந்த இடத்திலேயே யூனிகோடாக மாற்று, வெளியே அனுப்பும்போது மட்டும் மீண்டும் பைட்டாக்கு, நடுவில் யூனிகோடு தவிர வேறெதையும் நடமாட விடாதே. கோப்புகளை ‘ஐஓ.ஓபன்’ கொண்டு திற. அது இரண்டிலும் என்கோடிங்கை (எழுத்தைப் பைட்டாக்கும் முறையின் பெயரை) ஏற்கும். சரத்துக்கு (மேற்கோளுக்குள் வரும் எழுத்துத்தொடருக்கு) முன், அது யூனிகோடு என்று காட்ட ‘யூ’ (u) எழுத்து போடுவதை 3.0-இல் நீக்கி, 2012-இல் வந்த 3.3-இல் மீண்டும் அனுமதித்தார்கள் என்பதால், அதற்கு முந்தைய 3-களை ஆதரிக்கவே வேண்டாம்.

எந்தப் பதிப்பு என்று பார்க்கும் நிபந்தனைகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். 2020 ஏப்ரலில் வந்த 2.7.18-தான் அந்த வரிசையில் கடைசி. அதன்பின் பைத்தான் குழுவிடமிருந்து பாதுகாப்புத் திருத்தம்கூட வரவில்லை. பணம் புழங்கும் சர்வரை அந்த நிலையில் விட்டுவைப்பது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது, ஆகவே வாடிக்கையாளர்களுக்கு எழுத்துமூலம் ஒரு கெடு கொடு.

நிரலில் கோப்பும் சாக்கெட்டும் (பிணைய இணைப்பும்) திறக்கும் இடங்களை மட்டும் பட்டியலிட்டு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
குமரன்