பழைய ஜீப்புக்குப் புதிய எஞ்சின்: நண்பனுக்கு ஒரு கடிதம்

போடிநாயக்கனூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கட்டப்பனையிலேயே வேலை அமைந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தங்கையிடம் எங்கள் வாழ்த்தைச் சொல். இங்கே அனைவரும் நலம். கடிதத்தில் பாதிக்கு மேல் ஜீப்பைப் பற்றியே நீ எழுதியிருப்பதால் நானும் அதற்கே வந்துவிடுகிறேன்.

உன் அப்பா ஓட்டிய பழைய சிஜே-3பி மாடல் ஜீப்பில் உள்ள பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, பழைய மஹிந்திரா தார் ஜீப்பின் சிஆர்டிஇ வகை டீசல் எஞ்சினை ஏற்றினால், கியர்பாக்ஸும் ஆக்சிலும் பழையபடியே இருந்து தாங்குமா என்று கேட்டிருக்கிறாய். ஆக்சில் பெரும்பாலும் தாங்கும், கியர்பாக்ஸ் தாங்காது என்பதே என் பதில். எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் நினைக்கிறார்கள் என்பதால் காரணத்தைக் கணக்கோடு எழுதுகிறேன்.

குதிரைத் திறனை விட்டுவிட்டு முறுக்கு விசையை, அதாவது தண்டைத் திருகிச் சுழற்றும் விசையை (டார்க்) மட்டும் பார். உன் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது ஏறத்தாழ 155 நியூட்டன் மீட்டர். அந்த டீசல் எஞ்சின், நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்டும் முன்பே 247 தருகிறது. அதாவது ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல். உன் வண்டியின் டி-90 கியர்பாக்ஸில் முதல் கியர் விகிதம் 2.8, ஆக்சில் விகிதம் 5.38. இரண்டையும் பெருக்கினால் 15 மடங்கு. முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ கியரையும் போட்டால் 37 மடங்கு. பழைய எஞ்சினே முதல் கியரில் பின்னாக்சிலுக்கு 2,300 நியூட்டன் மீட்டர் வரை அனுப்பும். பாரம் ஏற்றிய ஜீப்பின் பின்சக்கரங்கள் மேல் ஆயிரம் கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள். உன்னுடைய டயர் அளவுக்குக் காய்ந்த தார்ச்சாலையில் அவை பிடித்து நிற்பது சுமார் 2,500 வரைதான். அதற்கு மேல் எவ்வளவு அனுப்பினாலும் சக்கரம் சுற்றி வழுக்குமே தவிர, ஆக்சில் அந்த விசையைச் சுமக்க நேராது. ஃபியூஸ் போல டயரே ஆக்சிலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் பெரிய டயர் போடாதே என்கிறேன். டயர் அகலமும் உயரமும் கூடக்கூட அந்த ஃபியூஸின் அளவும் கூடிவிடும்.

ஆக்சில் உடைவது திடீர் உதறலில்தான். அதை நான் என் வண்டியிலேயே பட்டு அறிந்தேன். பல வருடங்களுக்கு முன், ஏலக்காய் மூட்டைகளோடு ஒரு மழை நாளில் எஸ்டேட் பாதையில் ஏறும்போது, சேற்றில் சுற்றிக்கொண்டிருந்த பின்சக்கரம் சட்டென்று ஒரு பாறையைப் பிடித்தது. ஆக்சிலேட்டரிலிருந்து நான் காலை எடுக்கவில்லை. மரக்கிளை முறிவதுபோல ஒரு சத்தம். அத்தோடு வண்டி நின்றுவிட்டது. மறுநாள் கழற்றியெடுத்த ஆக்சில் ஷாஃப்ட்டை இன்னும் பட்டறையில் வைத்திருக்கிறேன். உடைந்த இடம் உப்புக்கல்போல மினுங்குகிறது; ஆனால் முனையில் நேராக ஓட வேண்டிய ஸ்ப்லைன் வரிகள் (பல்சக்கரத்தோடு கோத்துக்கொள்ளும் பள்ளங்கள்) கயிற்றுப் புரிபோல ஒரு பக்கமாகத் திருகியிருக்கின்றன. ஒரே நாளில் அப்படித் திருகியதன்று. எத்தனையோ முறை உதறல் வாங்கி, கடைசி முறை முறிந்திருக்கிறது. ஆகவே உன் டிரைவர் சேற்றில் காலை எடுக்கத் தெரிந்தவராக இருந்தால், ஆக்சிலைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன்.

கியர்பாக்ஸ் அப்படியன்று. நீ வாரந்தோறும் ஏறி இறங்கும் போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பார். பெரும்பாலும் இரண்டாம் கியரில்தான் ஏறுவாய். அதன் விகிதம் 1.55. புதிய எஞ்சின் முழு மூச்சோடு இழுத்தாலும் பின்னாக்சிலுக்குச் சேர்வது சுமார் 2,060. டயர் வழுக்கும் எல்லைக்கு உள்ளேதான். டயர் வழுக்காது, எதுவும் விட்டுக்கொடுக்காது, 247 முழுவதும் அந்தச் சிறிய பல்சக்கரங்கள் வழியாகவே மேடு முடியும் வரை போய்க்கொண்டிருக்கும். 155-க்காகச் செய்த பற்கள் அவை. போதாததற்கு டீசல் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் பெட்ரோலைவிடக் கடுமையாகத் தட்டும். முதலில் கிளட்ச் வழுக்கும். நீ கனமான பிரஷர் பிளேட் போட்டு அதைச் சரிசெய்வாய். அடுத்த அடி பற்களுக்குத்தான்.

அப்படியானால் எஞ்சினோடு அதன் கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்தே ஏற்றிவிடலாமே என்று நீ கேட்பாய். உன் ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும்: பின்னாக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நடுவில் ஓடாமல் வலப்பக்கம் ஒதுங்கி ஓடுகிறது, பின்னாக்சிலின் உருண்டையும் அதற்கேற்ப வலப்பக்கமே தள்ளியிருக்கிறது. பின்ஷாஃப்ட் நடுவில் புறப்படும் டிரான்ஸ்ஃபர் கேஸை வைத்தால் ஷாஃப்ட் பக்கவாட்டில் கோணி நிற்கும். ஷாஃப்ட்டின் முனையில் உள்ள கிராஸ் ஜாயின்ட் நாள்பட நிற்காது. எனவே ஆக்சிலையும் மாற்ற வேண்டும். ஆக்சில் வந்தால் ஸ்பிரிங் தாங்கிகளும் பிரேக்கும் வரும். நீ ஆசையோடு வைத்திருக்கும் அப்பாவின் ஜீப்பில் பாடியும் சேஸிஸும்தான் மிஞ்சும். அதற்கு நான் கைவைக்க விரும்பவில்லை.

வேகம் கூடும் என்று எழுதியிருந்தாய். இந்த ஆக்சில் விகிதத்தில், டாப் கியரில் மணிக்கு 80 கிலோமீட்டர் போகவே எஞ்சின் 3,100 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். எந்த எஞ்சினை வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தவிர, அந்த டிரம் பிரேக்கை நம்பி மெட்டிலிருந்து இறங்குகிறவன் நீ. பதிவுச் சிக்கலும் உண்டு: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி இத்தகைய மாற்றத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இறுக்கிச் சொன்னது. உன் வண்டி கேரளப் பதிவு. எதுவானாலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதே.

என் விருப்பத்தைக் கேட்டால், உள்ள எஞ்சினையே சிலிண்டர் கடைந்து போர் எடுத்து, வால்வு மாற்றிப் புதுப்பிக்கலாம். டீசல்தான் வேண்டுமென்றால், பழைய ஜீப் வரிசையில் மஹிந்திராவே வைத்த 2,112 சிசி பியூஜோ எஞ்சினை அனுமதி கேட்டுப் பார்க்கலாம். அதன் முறுக்கு விசை உன் பெட்ரோல் எஞ்சினை மிஞ்சாது; கியர்பாக்ஸ் பிழைத்துக்கொள்ளும். இழுவை குறைவாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை.

அதற்கு முன் ஒரு வேலை செய். வண்டி சூடாக இருக்கும்போதே கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பார். மஞ்சள் மினுக்கம் தெரிந்தால் பித்தளை வளையம் தேய்கிறது என்று பொருள். அது செலவு குறைந்த வேலை. ஆயிலில் ஒரு காந்தத்தையும் வைத்துப் பார்; அதில் ஊசி ஊசியாக இரும்பு ஒட்டினால் பல் உதிர்கிறது. அந்த ஆயிலில் கொஞ்சம் ஒரு பாட்டிலில் பிடித்து எடுத்துவை. அடுத்த முறை ஏலக்காய் ஏலத்துக்கு இங்கே இறங்கும்போது பட்டறைக்குக் கொண்டுவா, சேர்ந்து பார்ப்போம்.

உன் அன்புள்ள நண்பன்